ஏன் என்று எழுதி வைத்தவர்கள்

2002இல் நான் வேலைக்குச் சேர்ந்த சென்னை நிறுவனம் ரௌட்டர் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தது. பெட்டிக்குள் 16 எம்பி மெமரி. ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதனால் ஸ்வாப்பும் கிடையாது. லினக்ஸ் 2.4 கெர்னல், அதன்மேல் எங்கள் டிரைவர்கள், அதற்கும் மேல் நிர்வாகப் பக்கத்தைக் காட்டும் ஒரு சின்ன வெப் சர்வர். எல்லாம் அந்த 16 எம்பிக்குள் அடங்கியாக வேண்டும். இன்று என் மேஜையில் இருக்கும் லேப்டாப்பில் 16 ஜிபி. லினக்ஸ் மெமரியை 4 கேபி பேஜ்களாகப் பிரித்து, ஒவ்வொரு பேஜைப் பற்றியும் 64 பைட்டில் ஒரு விவரம் வைத்துக்கொள்கிறது. 16 ஜிபிக்கு அந்த விவரங்கள் மட்டுமே 256 எம்பி பிடிக்கின்றன. அன்றைய பெட்டியின் மொத்த மெமரியைப் போலப் பதினாறு மடங்கு, இன்று கணக்கு வைத்துக்கொள்ள மட்டும் செலவாகிறது.

கெர்னல் தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு இப்படி வளர்ந்துவிட்டது. அந்த நிரல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதி வைத்ததும் இந்த ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. வேகமாக வளரவில்லை. ஆனால் இந்தத் துறையில் நான் கண்ட மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

மெமரி நிர்வாகம் கெர்னலின் மற்றப் பகுதிகளைப் போன்றதல்ல. ஒரு நெட்வொர்க் டிரைவர் தப்பாக நடந்தால் நெட்வொர்க் போகும். மெமரி நிரல் தப்பாக நடந்தால் எது எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. அதில் பாதிதான் பாடப்புத்தகத்தில் வரும் நேரான தர்க்கம். மீதி, எங்கோ யாருடைய மெஷினோ ஒருநாள் நின்றுபோனதால் உள்ளே வந்த விதிவிலக்கு. விதிவிலக்கு நிரலில் நிற்கும், அதை வரவழைத்த சம்பவம் நிற்காது. 896 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட் இன்டெல் மெஷினில் கெர்னல் நேரடியாகக் கையாளும் மெமரி 896 எம்பிதான் என்பதை அந்தக் காலத்தில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முகவரிப் பரப்பு 4 ஜிபி, அதில் கெர்னலுக்கு 1 ஜிபி, அந்த 1 ஜிபியிலும் 128 எம்பியை வேறு தேவைகளுக்காக ஒதுக்கிவிட்டார்கள், மிச்சம் 896 என்ற கணக்கைச் சொல்லக்கூடியவர்கள் சிலரே இருந்தார்கள்.

படிக்கக் கிடைத்தவையும் குறைவு. மாரிஸ் பாக் 1986இல் எழுதிய யூனிக்ஸ் புத்தகத்தின் மலிவுப் பதிப்பு எல்லாப் பொறியியல் மாணவர்களிடமும் இருந்தது. அது சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸைப் பற்றியது, அடிப்படை புரிய உதவும். லினக்ஸுக்கென்று போவெட், செசாட்டி இருவரும் எழுதிய புத்தகம், ஓரெய்லி வெளியீடு. 2000இல் வந்த முதல் பதிப்பு 2.2 கெர்னலை விளக்கியது. அதைப் படித்துவிட்டு நாங்கள் வேலை செய்தது 2.4இல்.

அந்த 2.4இன் கதையே தனி. 2.4.0 வெளிவந்தது 2001 ஜனவரியில். ரிக் வான் ரீல் எழுதிய மெமரி நிர்வாகம் அதில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 2.4.10 வந்தபோது, நிலையான வரிசை என்று சொல்லப்பட்ட அந்த வரிசையின் நடுவிலேயே, அதை எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்சலியின் நிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்தார். கெர்னலின் தனிக் கிளை ஒன்றைப் பராமரித்த ஆலன் காக்ஸ் அதில் ரிக்கின் நிரலையே கொஞ்ச காலம் வைத்திருந்தார். இரண்டுமே '2.4' என்ற பெயரில் ஓடின. எந்தப் பேஜை வெளியேற்றுவது, எப்போது வெளியேற்றுவது என்பதற்கு இரண்டிலும் வேறு வேறு விடை. ஒன்றைப் படித்துத் தேறியவருக்கு மற்றது புதிதாக இருந்தது. மாற்றத்துக்கான காரணங்கள் ஆட்களுக்கிடையே பறந்த மின்னஞ்சல்களில் சிதறிக் கிடந்தன. நிரலுக்குப் பக்கத்தில் இல்லை.

அதனால் அறிவு ஆளிடம் இருந்தது. எங்கள் குழுவில் அது ஒரு சீனியரிடம் இருந்தது. 'சார்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். லாங் சைஸ் நோட்டு ஒன்று அவர் மேஜையில் எப்போதும் இருக்கும்.

"சார், இந்த லூப் ஏன் ரெண்டாவது தடவையும் சுத்துது?"

"அதுவா? எடுத்துப் பாத்தேன்பா. லோடு ஏத்தினா பெட்டி அப்படியே நின்னுடுது. அதனால விட்டுட்டேன்."

"எங்கயாவது எழுதியிருக்கா சார்?"

"இதோ, என் நோட்டுல இருக்கே."

அவர் நோட்டில் எழுதினாரே, அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். பல இடங்களில் அதுவும் கிடையாது. நல்ல நிரலுக்கு விளக்கம் தேவையில்லை, நிரலைப் படித்துப் புரிந்துகொள்பவனே கெட்டிக்காரன் என்ற எண்ணம் துறை முழுக்க இருந்தது. நிரலைப் படித்தால் அது என்ன செய்கிறது என்பது தெரியும். வேறு எப்படியெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்பது ஒருநாளும் தெரியாது.

எங்கள் பெட்டியிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஈதர்நெட் டிரைவருக்கு 64 கேபி மெமரி இடைவெளியில்லாத ஒரே தொடராக வேண்டும். லினக்ஸ் மெமரியை இரட்டிப்புக் கணக்கில் பங்கிடும். ஆர்டர் 0 என்றால் ஒரு பேஜ், ஆர்டர் 1 என்றால் இரண்டு, ஆர்டர் 2 என்றால் நான்கு. எங்களுக்கு வேண்டியது ஆர்டர் 4, பதினாறு பேஜ். பெட்டி பல நாள் ஓடிய பிறகு மெமரி காலியாக இருக்கும், ஆனால் துண்டு துண்டாக இருக்கும். பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினாறு சீட் காலி என்றால், சேர்ந்து உட்கார வேண்டிய குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. 4-ஆர்டர் அலொகேஷன் தோற்றது என்று கன்சோலில் ஒரு வரி வரும், போர்ட் எழும்பாது. சார் அந்த 64 கேபியை பெட்டி பூட் ஆகும்போதே, மெமரி கலையாத நேரத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். பக்கத்தில் ஒரே வரியில் கமெண்ட்: இதை இங்கிருந்து நகர்த்தாதே.

அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார், நோட்டும் அவரோடு போனது. பிறகு வந்த ஒருவர், போர்ட்டைப் பயன்படுத்தாத பெட்டியில் 64 கேபி சும்மா கிடப்பதைப் பார்த்தார். 16 எம்பியில் அது கண்ணை உறுத்துகிற அளவுதான். போர்ட் திறக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நகர்த்தினார். அவர் செய்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. எங்கள் சோதனைப் பெட்டிகள் தினமும் ரீபூட் ஆகிறவை, எல்லாச் சோதனையும் தேறியது. வாடிக்கையாளர் இடத்தில் வாரக்கணக்கில் ஓடிய பெட்டிகளில், போர்ட்டை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அது திரும்பி வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தபின் நிரலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். கமெண்ட்டை மட்டும் பழையபடி விடவில்லை. நீண்ட நேரம் ஓடினால் மெமரி துண்டாகும், அப்போது 64 கேபி தொடர் கிடைக்காது, ஆகவே பூட் ஆகும்போதே வாங்குகிறோம், இதை மாற்ற விரும்புபவர் பெட்டியை ரீபூட் செய்யாமல் பல நாள் ஓடவிட்டு போர்ட்டை இறக்கி ஏற்றிப் பார்க்கவும் என்று நான்கு வரி எழுதினோம். தடை மட்டும் எழுதினால் அடுத்தவர் அதை ஒருநாள் மீறத்தான் செய்வார். காரணமும் சோதனையும் எழுதியிருந்தால், மீறவும் அவருக்கு வழி தெரியும், மீறக்கூடாத நேரமும் தெரியும்.

இந்தச் சூழலில்தான் மெல் கோர்மன் எழுதியது எங்கள் கைக்கு வந்தது. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு மாணவராக இருந்தவர், லினக்ஸின் மெமரி நிர்வாகம் முழுவதையும் உட்கார்ந்து படித்து விளக்கமாக எழுதினார். 2004இல் அது புத்தகமாக வந்தது, 2.4.22 கெர்னலை மையமாக வைத்து. பிடிஎஃப் இலவசமாகக் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கனம் தாங்காது என்பதால் இரண்டு பாகமாக ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கினோம். முதல் பாகத்தில் விளக்கம்: மெமரி மண்டலங்கள், பேஜ் டேபிள், ஸ்லாப், பேஜ்களை மீட்கும் முறை, மெமரி தீர்ந்தால் என்ன நடக்கும் என்பது வரை. இரண்டாம் பாகம் முழுக்க நிரல், ஒவ்வொரு ஃபங்ஷனாக, எந்த வரி எதற்கு என்ற உரையோடு. பழைய இலக்கண நூல்களுக்கு உரையாசிரியர்கள் செய்த அதே வேலை. மூலத்தைச் சுருக்காமல், மூலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் நிறைவு தருவது. விளக்கம் எழுதிய அதே கோர்மன் அந்த நிரலின் முக்கியப் பங்களிப்பாளர்களில் ஒருவரானார். எங்கள் ரௌட்டரை வாட்டிய துண்டாதல் சிக்கலையே கையில் எடுத்தார். நகர்த்தக்கூடிய பேஜ்களையும் நகர்த்த முடியாத பேஜ்களையும் தனித்தனிக் கூட்டமாக வைக்கும் முறை 2.6.24இல் வந்தது. சிதறிய பேஜ்களை ஒதுக்கித் தொடர் இடம் உண்டாக்கும் வசதி 2010இல் 2.6.35இல் வந்தது. இரண்டும் அவர் பங்களிப்பு. விளக்கம் எழுதுவது நிரல் எழுதத் தெரியாதவர்களின் வேலை என்று அன்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. முழுவதையும் எழுதிப் பார்த்தவருக்குத்தான் முழுவதும் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தது.

கோர்மனுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், 1970களின் நடுவில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் நிரலையும் அதற்கான உரையையும் மாணவர்களுக்காக இரண்டு பகுதிகளாகத் தொகுத்தார். அடுத்த பதிப்பின் உரிம விதிகள் நிரலை வகுப்பில் வைத்துப் படிப்பிக்கத் தடை போட்டன. அதனால் அந்த உரை ஜெராக்ஸ் பிரதிகளாகவே உலகைச் சுற்றியது. முறையாக அச்சில் வந்தது 1996இல்.

அந்த ஆறாம் பதிப்பின் 2238ஆம் வரியில் உலகப் புகழ்பெற்ற ஒரு கமெண்ட் இருக்கிறது. இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்று பொருள்படும் கமெண்ட். டி ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பிரபலம். நாங்களும் அதை ஒரு வீரவசனமாகத்தான் முதலில் கேள்விப்பட்டோம். அது நிற்கும் இடத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. ஒரு ப்ராசஸ் மெமரியிலிருந்து வட்டுக்கு ஸ்வாப் ஆகி வெளியே போய்த் திரும்பி வரும்போது, அதன் ஸ்டாக்கை எந்த நிலையில் வைத்துத் தொடர வேண்டும் என்ற மிக நுட்பமான இடம். அந்தத் தந்திரம் பிடிபி-11 கணினியின் அமைப்பைச் சார்ந்தது. 'இது பரீட்சைக்கு வராது' என்ற தொனியில் எழுதியதே ஒழிய யாரையும் மட்டம் தட்ட எழுதியதல்ல என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். அங்கே என்ன நடக்கிறது என்பது அப்போது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். வேறு கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனபோது அந்த முறையையே மாற்ற வேண்டிவந்தது. ரிச்சி போன்ற ஒருவர் இதை வெளிப்படையாகச் சொன்னதால்தான் அந்த வரியிலிருந்து நாம் பாடம் கற்க முடிகிறது: புரியாத இடத்தை மறைக்காமல் அடையாளம் காட்டி வைப்பதும் ஆவணம்தான்.

இனி இன்றைய நிலை. 2005 ஏப்ரலில் லினஸ் கிட் கருவியை எழுதினார். கெர்னல் நிரல் 2.6.12இன் இரண்டாம் முன்னோட்டத்திலிருந்து அதற்குள் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று எந்த மாணவரும் தன் அறையிலிருந்தே பார்க்கலாம். மெமரி நிரலில் இன்று வரும் பேட்ச்களில் மாற்றம் மூன்று வரி, அதற்கான காரணம் முப்பது வரி என்பது சாதாரணம். அன்று சாரின் நோட்டில் இருந்தது இன்று நிரலோடேயே பயணம் செய்கிறது, யார் வேலை மாறினாலும் கூடப் போவதில்லை. 2005க்கு முன் எழுதிய வரியைத் தோண்டினால் மட்டும் அந்த முதல் பதிவில் போய் முட்டி நிற்போம். அந்தப் பக்கம் பெரும்பாலும் அந்தத் தலைமுறை ஆட்களின் நினைவுதான்.

காரணத்தை எழுதுவதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு எளிய உதாரணம், ஃப்ரீ கட்டளை. அந்தக் காலத்தில் சர்வரில் அதைத் தட்டிப் பார்க்கும் மேலாளர், மெமரி எல்லாம் தீர்ந்துவிட்டதே என்று பதறுவார். ஃபைல் கேஷுக்காக எடுத்திருக்கிறது, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் என்று விளக்குவோம். காலியையும் கேஷையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு சூத்திரமும் சொல்லித்தருவோம். அந்தச் சூத்திரம் காலப்போக்கில் பொய்யாகிப்போனது. பகிர்ந்த மெமரியும், மெமரியிலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் கிடக்கும் கோப்புகளும் கேஷ் கணக்கில்தான் வருகின்றன, அவற்றை அப்படி விடுவிக்க முடியாது. 2014இல் வந்த 3.14 கெர்னலில் ரிக் வான் ரீல், உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டைக் கெர்னலே சொல்லும்படி ஒரு புதிய வரி சேர்த்தார். பத்தாண்டுக்கு முன் சரியாக இருந்த கூட்டல் இன்று ஏன் தவறு என்பதை அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே எழுதினார். நாங்கள் வாய்வழியாகப் பரப்பிய சூத்திரத்துக்கு ஆயுள் இவ்வளவுதான் என்பதை எழுத்தில் பார்த்த பிறகுதான் எங்களால் அதைக் கைவிட முடிந்தது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அதே 2014இன் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கெர்னலில் மெமரி கேட்டால் கிடைக்காமலும் போகலாம், விடையைச் சரிபார், தோற்றால் பின்வாங்கு என்பது நாங்கள் படித்த எல்லாப் புத்தகத்திலும் உள்ள பாடம். டிரைவர் எழுதினவர்களும் ஃபைல் சிஸ்டம் எழுதினவர்களும் அதற்காகப் பின்வாங்கும் வழிகளை எழுதி வைத்தார்கள். ஆனால் பேஜ் ஒதுக்கும் நிரலில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆர்டர் 3 வரை, அதாவது 32 கேபி வரை, சாதாரண முறையில் கேட்டால் அது கிட்டத்தட்ட ஒருபோதும் தோற்காது. கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும்.

டெட்சுவோ ஹண்டா என்ற நிரலாளர் ஒரு முடக்கத்தை ஆராய்ந்து முன்வைத்தபோது அந்த நிபந்தனையின் விளைவு தெரிந்தது. ஒரு ப்ராசஸ் லாக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிறிது மெமரி கேட்கிறது. மெமரி இல்லை. ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீரும்போது ஏதாவதொரு ப்ராசஸைக் கொன்று இடம் பிடிக்கும் பகுதி, இன்னொரு ப்ராசஸைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த இன்னொன்றோ முதலாவது பிடித்திருக்கும் அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பதால் அதனால் சாக முடியவில்லை. அது சாகாததால் மெமரி வரவில்லை. கோரிக்கை தோற்கவும் மாட்டேன் என்கிறது. மெஷின் அப்படியே உறைந்துவிடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பராமரித்த டேவ் சின்னர் போன்ற பழுத்த அனுபவசாலிகளுக்கே இப்படியொரு விதி இருப்பது அதிர்ச்சியாக இருந்தது. அவர்கள் எழுதி வைத்த பின்வாங்கும் வழிகள் பல ஆண்டுகளாக ஒருமுறைகூட ஓடியிருக்காது. இப்போது விதியை எடுத்தால், சோதிக்கப்படாத அந்த வழிகள் எல்லாம் ஒரே நாளில் ஓடத் தொடங்கும். விதியை விட்டால் முடக்கம். எழுதப்படாத ஒரு நடத்தையை நம்பி மற்றவர்கள் வீடு கட்டிவிட்டார்கள், கட்டியதே அவர்களுக்குத் தெரியாது.

2016இல் 4.6 கெர்னலில் மிக்கால் ஹோக்கோ சேர்த்த ஏற்பாடு, தேர்ந்தெடுக்கப்பட்ட ப்ராசஸ் சாகக் காத்திராமல் அதன் மெமரியை முன்னதாகவே பிடுங்கிக்கொள்ள வழி செய்தது. அந்த நிரலின் அளவுக்கே நான் மதிக்கும் இன்னொன்று, 2018இல் கெர்னல் ஆவணத்தில் சேர்ந்த மெமரி கேட்கும் வழிகாட்டி. சின்னக் கோரிக்கைகள் நடைமுறையில் தோற்பதில்லை, ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது, ஆகவே விடையைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று இன்று அதில் தெளிவாக இருக்கிறது. உள்ளது இது, நம்பக்கூடாதது இது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நல்ல ஆவணம்.

எழுதிய காரணம் பதினோரு ஆண்டுக்குப் பின் உதவிய கதையும் உண்டு. 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற ஓட்டை அடைக்கப்பட்டது. படிக்க மட்டும் அனுமதியுள்ள பேஜில் எழுத முயன்றால், கெர்னல் அதற்குத் தனி நகல் எடுத்துக் கொடுக்கும். நகல் எடுக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இன்னொரு த்ரெட் குறுக்கே புகுந்தால் மூலத்திலேயே எழுதிவிடலாம். சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் உட்பட எண்ணற்ற கருவிகள் பாதிக்கப்பட்டன. திருத்தத்தை எழுதிய லினஸ், இதே சிக்கலைத் தானே 2005இல் அடைக்க முயன்றதையும், எஸ்390 கணினிகளில் வந்த பிரச்சினையால் அது திரும்பப் பெறப்பட்டதையும், எஸ்390இன் அந்தத் தடை பின்பு நீங்கிவிட்டதையும் பதிவுக் குறிப்பில் வரிசையாக எழுதினார். அன்று ஏட்டளவில் இருந்த ஆபத்து, மெமரி நிரல் வேகம் பெறப்பெற நடைமுறை ஆபத்தாக மாறியதையும் குறிப்பிட்டார். பழைய பதிவுகளின் அடையாள எண்களும் அதில் உண்டு. இன்று ஒரு கல்லூரி மாணவர் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே பதினோரு ஆண்டு வரலாற்றையும் நடந்து பார்த்துவிடலாம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அந்தக் குறிப்பைத்தான்.

எழுதி விளக்குவதைவிட, விளக்கத்தின் தேவையையே நீக்கிவிடுவது நல்லதாக இருக்கும் இடங்களும் உண்டு. மேக்ஸ் ஆர்டர் என்ற எண் வெகுகாலம் 11 ஆக இருந்தது. பார்ப்பவர் ஆர்டர் 11 வரை கேட்கலாம் என்று நினைப்பார். உண்மையில் 10 வரைதான், அதாவது 4 எம்பி. கெர்னலின் பல மூலைகளில் இதனால் ஒன்று கூடியோ குறைந்தோ பிழைகள் முளைத்தன. கவனம் என்று இன்னொரு கமெண்ட் எழுதுவதற்குப் பதிலாக, 2023இல் கிரில் ஷுடெமோவ் 6.4 கெர்னலில் அந்த எண்ணின் பொருளையே மாற்றி, பெயர் சொல்வதும் நடப்பதும் ஒன்றாக இருக்கும்படி செய்தார். பழைய பொருளில் எழுதிய வெளி நிரல்கள் சத்தமில்லாமல் தவறாகிவிடும் ஆபத்து இருந்ததால், 6.8இல் பெயரும் மாறியது. இப்போது பழைய நிரல் கம்பைல் ஆகாமல் நின்று, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லும்.

இன்னொரு விதமும் உண்டு. மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும் மெமரி வேண்டும் என்று சொல்ல 2007இல் ஒரு கொடி சேர்க்கப்பட்டது. எவ்வளவு நேரம் குறுகியது, அதற்குள் தூங்கலாமா, லாக் பிடிக்கலாமா என்பது எங்கும் வரையறுக்கப்படவில்லை. ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தினார்கள். 2017இல், இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை இல்லை என்று எழுதி ஹோக்கோ அதை நீக்கினார். எல்லை எழுதப்படாத வசதி பத்தாண்டுக்குமேல் தாங்கவில்லை.

கமெண்ட்டுக்கும் வயதாகும். நிரல் மாறி கமெண்ட் மாறாவிட்டால், இல்லாததைவிடக் கேடு. எம்எம் அடைவில் ஆர்மேப் என்ற கோப்பின் தலையில், எந்த லாக்கைப் பிடித்தபின் எதைப் பிடிக்க வேண்டும் என்று படிப்படியாக உள்ளே தள்ளி எழுதிய ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. வரிசை தவறினால் மெஷின் முடங்கும், அதனால் மெமரி நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2020இல் மெமரி வரைபடத்தைக் காக்கும் முக்கிய லாக்குக்குப் புதுப் பெயர் வைத்தபோது, கமெண்ட்களில் இருந்த பழைய பெயரை மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு பேட்ச் வந்தது. ஒரு வரி நிரலும் மாறாத பேட்ச். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படியொன்றை அனுப்பினால் வேலை இல்லையா என்று கேட்டிருப்பார்கள்.

2022இல் கெர்னலின் மெமரி ஆவணப் பகுதிக்கு மைக் ராப்போபோர்ட் ஒரு சட்டகம் போட்டார். கோர்மனின் புத்தகத்தில் உள்ளதைப் போன்ற அத்தியாய வரிசை. பல பக்கங்களில் தலைப்பு மட்டும், உள்ளே ஒன்றுமில்லை. வெற்றுப் பக்கத்தை வெளியிடுவது வீண் என்று சிலருக்குத் தோன்றலாம். எது எழுதப்படவில்லை என்று ஊரறியச் சொல்லும் பக்கம் அது, அதனால் ஆட்களை வரவழைத்தது. பிசிக்கல் மெமரி பற்றிய பக்கமும் பேஜ் டேபிள் பற்றிய பக்கமும் 2023இல் நிரம்பத் தொடங்கின. ப்ராசஸின் முகவரிப் பரப்பையும் அதன் லாக்குகளையும் பற்றி லோரன்சோ ஸ்டோக்ஸ் 2024இல் விரிவாக எழுதினார்.

இந்த வேலை இப்போது இன்னும் அவசரமாகியிருக்கிறது. எங்கள் குழுவில் இளையவர்கள் சந்தேகம் வந்தால் முதலில் ஏஐ கருவியிடம் கேட்கிறார்கள். அது பளிச்சென்று விடை சொல்கிறது, பல நேரம் சரியாகவும் சொல்கிறது. மெமரி நிரல் விஷயத்தில் அது 2.6 காலத்து உண்மையை இன்றைய உண்மையாகச் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிறு துண்டு மெமரியைப் பங்கிடும் பழைய ஸ்லாப் நிரலை 6.8இலேயே நீக்கியாயிற்று, அதன் மாற்றான ஸ்லப் மட்டும்தான் மிச்சம். ஆனால் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அது ஆலோசனை சொல்லும். பழையதைப் பற்றி எழுதிய பக்கங்கள் ஏராளம், புதியதைப் பற்றி எழுதியது கொஞ்சம் என்றால் விடை பழைய பக்கம்தான் சாயும். ஆகவே எழுதும்போது எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில் என்பதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். காரணம், பதிப்பு, சோதித்துப் பார்க்கும் முறை. இந்த மூன்றும் இல்லாத மெமரி பேட்ச் எங்கள் குழுவில் ரிவ்யூ தாண்டாது.

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இந்த நிரலோடு தினமும் மல்லுக்கட்டும் தமிழர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் கண்டுபிடித்தது அவரவர் நோட்டிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயக்கம் என்பதே நான் கேட்கும் காரணம். மொழிப் பிழையைத் திருத்த அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்ட காரணத்தை உங்களைத் தவிர யாராலும் இட்டு நிரப்ப முடியாது. முதலில் தமிழில் எழுதித் தெளிவாக்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். கெர்னல் ஆவணத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் என்று மொழிபெயர்ப்புகளுக்குத் தனி அடைவே இருக்கிறது. தமிழையும் அதில் சேர்க்கலாம், நிரல் பேட்ச் போகும் அதே வழியில்தான் அதுவும் போகும். இந்த வாரம் ஒரு சிக்கலைத் தீர்த்தவர், தீர்வை அனுப்பும்போது ஏன் என்ற பத்தியையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். அடுத்து அந்த வரிக்கு வருபவர் உங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.